மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் "மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடுமா?" என்று கேட்டால் பாதிப்பேர் சிரிப்பார்கள். மற்றப் பாதிப்பேர் "எங்கட அப்பப்பா ஓட்டினவர் சேர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். எப்படி ஓடியது என்று அடுத்த கேள்வி கேட்டால் இரண்டு பக்கமும் மௌனம்தான். தாத்தாமார் ஓட்டியது உண்மை. அது எப்படி ஓடியது, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது எங்கள் வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை, விஞ்ஞானப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு பாடத்துக்கும் நடுவில் விழுந்து போன ஒரு கதை இது.

நாங்கள் எங்கே நின்று இதை எழுதுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வவுனியா நகரம் அரச கட்டுப்பாட்டில் இருந்தது. ஆகவே சோதனைச்சாவடிக்குத் தெற்கே இருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். வடக்கே, உள்ளே வாழ்ந்தவர்கள் இன்று எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கிறார்கள். அவர்கள் சொன்னதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பழைய மெக்கானிக்மார் சிலர் சொன்னதையும், நாங்கள் படித்த விஞ்ஞானத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்ததே இந்தப் பதிவு.

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. அதோடு வடக்குக்குப் போகும் பொருட்களுக்குத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் என்று பட்டியல் நீண்டது. தேசிய மின்சாரமும் நின்று போனது. எரிபொருளைத் தடுத்ததற்கு அரசாங்கம் சொன்ன காரணம் வெளிப்படையானது: பெற்றோலும் டீசலும் போனால் புலிகளின் வாகனங்களும் படகுகளும் ஓடும். ஆனால் மண்ணெண்ணெயை அப்படி முற்றாக நிறுத்த முடியவில்லை. மின்சாரம் இல்லாத ஊரில் விளக்குக்கு அதுதான். அதனால் அது பங்கீடாக வந்தது. அரசாங்க அதிபர், உதவி அரசாங்க அதிபர், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், குடும்ப அட்டை என்ற வழியாக வந்து, வீட்டுக்குப் போத்தல் கணக்கில் அளந்து கொடுக்கப்பட்டது. அதுவும் ஒழுங்காக வரவில்லை. போர் நடவடிக்கை ஒன்று தொடங்கினால் பாதை மூடும், பாதை மூடினால் சங்கக் கடைத் தகரப் பீப்பாய் காலி.

களவாக வந்த பெற்றோலும் இருந்தது. தெருவோரத்தில் போத்தலில், கால் போத்தலில் வைத்து விற்றார்கள். விலை கொழும்பு விலையின் பல மடங்கு. உள்ளே வந்த எரிபொருளில் ஆயுதம் வைத்திருந்தவர்களின் தேவை முதலில், சனத்தின் தேவை கடைசியில் என்ற வரிசையும் இருந்தது. தடையைப் போட்டவர்களை மட்டும் திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு நொண்டும்.

ஆக, சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டிய எரிபொருள் ஒன்றே ஒன்று. அதையே மோட்டார் சைக்கிளுக்கும் ஊற்ற வேண்டிய நிலை.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் தேவை. வகுப்பு எடுக்கிறோம் என்று ஓடிவிடாதீர்கள்.

பெற்றோல் எஞ்சினுக்குள் எரிவது திரவமல்ல, ஆவி. காபரேற்றர் பெற்றோலைக் காற்றோடு கலந்து உள்ளே அனுப்புகிறது. பெற்றோல் சுலபமாக ஆவியாகும் பண்டம். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை குளிரில்கூட அதன் மேலே பற்றக்கூடிய அளவு ஆவி நிற்கும். மண்ணெண்ணெய் அப்படியல்ல. அதற்குக் குறைந்தது 38 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால் அது துளித் துளியாகச் சுவரில் ஒட்டி வழியும். எத்தனை உதை உதைத்தாலும் பிளக் நனையுமே தவிர எஞ்சின் பிடிக்காது. ஆனால் ஒரு தடவை எஞ்சின் சூடாகிவிட்டால் நிலைமை மாறும். சூட்டில் மண்ணெண்ணெயும் ஆவியாகும், எரியும், ஓடும்.

எனவே கேள்வி இவ்வளவுதான்: முதல் ஒரு நிமிடத்துக்கு மட்டும் பெற்றோலை எப்படிக் கொடுப்பது?

அதற்கு வந்த பதில்தான் சூப்பி. குழந்தை சப்புகிற சூப்பியின் பெயரையே வைத்துவிட்டார்கள். கையால் அமுக்கினால் பீய்ச்சக்கூடிய ஒரு சிறு பிளாஸ்டிக் போத்தல். மூடியில் ஒரு மெல்லிய குழாய். உள்ளே இரண்டு மூன்று மேசைக்கரண்டி பெற்றோல். காலையில் காபரேற்றரின் காற்று வாய்க்குள் அந்தக் குழாயை வைத்து ஒரு அமுக்கு, ஒரு உதை. எஞ்சின் பிடித்ததும் அணைய விடாமல் இன்னும் ஒன்றிரண்டு அமுக்கு. அதற்குள் சூடேறி, தாங்கியிலிருந்து வரும் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சூப்பி சட்டைப் பைக்குள் போய்விடும். ஒரு போத்தல் பெற்றோல் வைத்திருந்தவர் அதை வாரக்கணக்கில் இழுத்தார். பெற்றோல் வாகன எரிபொருள் என்ற நிலையிலிருந்து மருந்து என்ற நிலைக்கு மாறிவிட்டது. மருந்தைப் போலவே அளந்துதான் கொடுத்தார்கள்.

"வழியில நிப்பாட்ட வேண்டி வந்தா நிழல்ல விடமாட்டம் சேர், வெயில்லதான் விடுவம்" என்றார் ஒரு பழைய மெக்கானிக். எஞ்சின் ஆறிவிட்டால் இன்னொரு அமுக்குப் பெற்றோல் போய்விடும். வன்னி வெயில் 33, 34 பாகை. மண்ணெண்ணெய்க்குத் தேவையான 38 இலிருந்து அது அவ்வளவு தூரமில்லை. அவருக்கு அந்த எண் தெரியாது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இதோடு முடியவில்லை. ஸ்ராட் ஆவது ஒரு பிரச்சினை, ஓடுவது இன்னொரு பிரச்சினை. இரண்டாவதுக்குப் பெயர் ஒக்டேன். இன்று நாங்கள் அடிக்கும் சாதாரணப் பெற்றோல் 92 ஒக்டேன். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் 20 ஐ ஒட்டியது. ஒக்டேன் குறைந்தால் என்ன? பிஸ்டன் மேலே வந்து வாயுக் கலவையை அமுக்கும்போது, பிளக் பொறி தொடக்கிய எரிவு ஒழுங்காகப் பரவி முடியும் முன்பே மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடும். 'டக் டக்' என்று சுத்தியலால் தட்டுகிற சத்தம் வரும். அந்தத் தட்டு தொடர்ந்தால் பிஸ்டன் உருகும், ஓட்டை விழும். எவ்வளவுக்கு இறுக்கமாக அமுக்குகிற எஞ்சினோ அவ்வளவுக்கு ஆபத்து.

எனவே எல்லா எஞ்சினும் மண்ணெண்ணெய்க்குச் சரிவரவில்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் அந்தக் காலத்தில் ராஜாவாக ஓடின. அவற்றைக் கட்டியவர்கள் நல்ல பெற்றோல் கிடைக்காத 1940, 50 களுக்காகக் கட்டினார்கள். அமுக்க விகிதம் 7 க்கு 1 என்ற அளவில்தான். புதிய ஜப்பான் கார் கொட்டிலில் தூங்கியது, நாற்பது வயதுக் கார் வாடகைக்கு ஓடியது. மோட்டார் சைக்கிளில் வன்னியின் சின்னமே ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்யப்பட்ட வண்டி. மெதுவாக, நாள் முழுக்க, பாரத்தோடு ஓட வேண்டும் என்பதே அதன் பிறவிக் குணம். மண்ணெண்ணெய்க் காலத்தில் அந்தக் குணம் கைகொடுத்தது.

இருந்த அமுக்கத்தையும் குறைக்க மெக்கானிக்மார் வழி கண்டார்கள். சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவில் இருக்கும் கஸ்கற்றைத் தடிப்பாக்கினார்கள், அல்லது இரண்டாகப் போட்டார்கள். ஒரு மில்லிமீற்றர் கூடினாலே உள்ளே இடம் பெருகி அமுக்கம் குறையும். பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்தித் திருப்பினார்கள். எரிபொருள் வரும் குழாயைச் சைலன்சர் பக்கமாகச் சுற்றி, மண்ணெண்ணெய் சுட்டுக்கொண்டே வரும்படி செய்தார்கள். காரென்றால் றேடியேற்றருக்கு முன்னால் சாக்கைக் கட்டி எஞ்சினை வேண்டுமென்றே சூடாக வைத்தார்கள். எஞ்சின் சூடாகக் கூடாது என்று உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிற தொழிலில், சூடாக்குவதற்கு வழி தேடியவர்கள் இவர்கள்.

அந்த மெக்கானிக் சொன்ன இன்னொரு வசனம் எங்கள் மனதில் நிற்கிறது. "எஞ்சினுக்கு ஏத்த எண்ணெய் தேடேல்ல சேர். கிடைச்ச எண்ணெய்க்கு எஞ்சினைத் திருத்தினது."

இதன் பொருள் விளங்க எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் மாணவர்கள் தொலைபேசியில் விரும்பிப் பார்க்கும் பொம்மை ஹெலிகொப்டர் இருக்கிறதே, சின்ன எஞ்சின் வைத்துத் தூரத்திலிருந்து இயக்குவது. அதற்கு எரிபொருள் தெரிவு செய்வது ஒரு பெரிய கலை. பெரும்பகுதி மெதனோல் என்ற மதுசாரம். சக்திக்கு நைட்ரோமீதேன். இந்தச் சின்ன எஞ்சினுக்குத் தனி ஒயில் தொட்டி கிடையாது என்பதால், உராய்வுக்கான எண்ணெயையும் எரிபொருளிலேயே ஐந்திலொரு பங்கு வரை கலக்கிறார்கள். அந்த எண்ணெய் சில கலவைகளில் எங்கள் பாட்டிமார் வயிறு கழுவக் கொடுத்த அதே ஆமணக்கெண்ணெய்! முதலாம் உலகப்போர் விமானங்களும் ஆமணக்கெண்ணெய் குடித்துத்தான் பறந்தன. அந்தப் பொம்மை எஞ்சினில் பொறி அடிக்கும் பிளக் கிடையாது. பிளாட்டினம் கலந்த ஒரு கம்பிச் சுருள் மட்டும். மெதனோல் ஆவி அந்தப் பிளாட்டினத்தைத் தொடும்போது சுருள் தானே சிவந்து எரிகிறது. அதற்குப் பெற்றோலை ஊற்றினால் ஓடாது. ஹெலிகொப்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தரத்தில் ஓரிடத்தில் நிற்கும்போது எஞ்சின் தொடர்ந்து பாரம் சுமக்கிறது. எண்ணெய் குறைந்தால் அங்கேயே இறுகிப் போகும். எனவே நைட்ரோ எத்தனை வீதம், எண்ணெய் எத்தனை வீதம் என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். பணமும் கடையும் திறந்த பாதையும் உள்ளவர்கள் எரிபொருளைத் தெரிவு செய்யும் முறை அது. எஞ்சின் கேட்கும், கடை கொடுக்கும்.

வன்னியில் கடை ஒன்றைத்தான் கொடுத்தது. கேட்கும் உரிமை எஞ்சினுக்கு இருக்கவில்லை.

ஆனால் வன்னி இதை ஒன்றுமில்லாமையிலிருந்து கண்டுபிடித்தது என்று சொன்னால் அது மிகை. அறிவு ஏற்கெனவே ஊரில் இருந்தது. தோட்டக்காரரின் நீர் இறைக்கும் மெசினில் இரண்டு தாங்கி வைத்த வகை இருந்தது: சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் தொடங்கி, சூடானதும் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முல்லைத்தீவுக் கரையில் மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்களிலும் மண்ணெண்ணெய் வகை உண்டு, அதே முறை. வெங்காயத் தோட்டத்துக்கும் கடலுக்கும் தெரிந்திருந்த விஷயத்தை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டு வந்ததுதான் புதுமை. 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பிறகு, கிளாலிக் கடனீரேரி கடந்து வன்னிக்கு வந்த பெருந்தொகைச் சனத்தோடு யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாரும் வந்தார்கள். அவர்களின் கைவேலையும் வந்தது. கராஜ் என்றால் ஒரு மரநிழல், ஒரு சாக்கு, பத்துப் பன்னிரண்டு சாவி. 1996 இல் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்தபோது மரம் மட்டும் மாறியது.

உலகத்திலும் இது பழைய கதைதான். ஹென்றி போர்ட் 1917 இல் வெளியிட்ட போட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் உழுதது. எங்கள் பெரியவர்களுக்கு நன்கு தெரிந்த சாம்பல் நிறப் பேர்குசனிலும் 1949 இலிருந்து அப்படியொரு வகை வந்தது. இங்கிலாந்தில் அதற்கென்றே 'உழவு இயந்திர ஆவி எண்ணெய்' என்ற பெயரில் ஒரு தனி எரிபொருள் விற்றார்கள். மண்ணெண்ணெய் போன்றது, ஆனால் ஒக்டேன் 55 க்கு மேல். அங்கே விவசாயிக்கு வரி குறைவு என்பதற்காகச் செய்தார்கள். பெற்றோல் தட்டுப்பாட்டுக்கும் முன்னுதாரணம் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தமிழ்நாட்டில் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு கலன். மதுரையின் டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் கலனைச் செய்து விற்றது. வித்தியாசம் என்னவென்றால் அங்கெல்லாம் ஒரு கம்பனி, பொறியியலாளர், வரைபடம் இருந்தது. எங்கள் ஊரில் இருந்தவர் ஓ.எல். தாண்டாத ஒரு பொடியன். அவர் வரைபடம் போடவில்லை. அதனால்தான் இன்று நாங்கள் இதைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.

டீசல் பக்கம் கதை வேறு. டீசல் எஞ்சினில் பிளக் இல்லை. அமுக்கத்தின் சூட்டிலேயே பற்றும். அதனால் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும், ஆனால் வேறிடத்தில் பழிவாங்கும். டீசலில் இயல்பாகவே கொஞ்சம் வழுவழுப்பு உண்டு, எரிபொருளை அழுத்தி அனுப்பும் பம்பிக்கு அதுதான் ஒயில். மண்ணெண்ணெய் உலர்ந்த பண்டம். எனவே அதோடு ஒயிலோ தாவர எண்ணெயோ கலந்து ஊற்றினார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. எண்ணெய் எஞ்சினுக்குப் புதிதல்ல. பிரச்சினை, அந்த எண்ணெய் சமையலுக்கும் வேண்டும் என்பதுதான்.

உண்மையான கணக்கு அங்கேதான் இருந்தது. சங்கக் கடையில் கிடைத்த ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வீட்டுக்கு வந்ததும் அதற்கு மூன்று நான்கு பேர் உரிமை கேட்டார்கள். கிணற்றடி மெசின் கேட்டது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் வாய்க்கால் பாயும் வயலுக்கு எரிபொருள் தேவையில்லை, தண்ணீர் பள்ளத்துக்குத் தானே வரும். ஆனால் மேட்டுக்காணி மிளகாய்த் தோட்டம் இறைப்பில்தான் உயிர் வாழும். மோட்டார் சைக்கிள் கேட்டது. பிரசவ வலி வந்தால், பாம்பு கடித்தால், இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு போத்தலாவது ஒளித்து வைக்க வேண்டும். கடைசியாகக் கேட்டது விளக்கு. விளக்கைச் சுற்றி இருந்தவர்கள் பிள்ளைகள்.

ஜாம் போத்தல் விளக்கு பிறந்தது அப்படித்தான். வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், நடுவில் மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். காற்று அணைக்காது, எண்ணெய் மிகக் குறைவாகவே போகும். அந்த வெளிச்சத்தில் படித்து எழுதிய உயர்தரப் பரீட்சைகளில் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று வைத்தியராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். "அப்பாவின்ர சைக்கிளும் என்ர விளக்கும் ஒரே கானிலதான் குடிச்சது" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். தகப்பன் தூரத்து வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போன நாட்களில் மகளுக்குப் படிப்பு எட்டு மணியோடு முடிந்தது. அவர் துவிச்சக்கர வண்டியில் போன நாட்களில் பத்து மணி வரை படித்தார். எந்த எரிபொருள் சரி என்பதல்ல அந்த வீட்டின் கேள்வி. இருக்கிற எரிபொருளை இன்று யார் எரிப்பது என்பதுதான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் கெட்டித்தனத்தோடு நிறுத்திவிடுகிறோம். "பார்த்தீர்களா எங்கள் மூளையை!" மூளைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு.

முதலாவது, எஞ்சின்கள் இளம் வயதில் செத்தன. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி வடிந்து கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், உள்ளே எல்லாம் தேயும். புது ஒயிலும் தடைக்குள் சிக்கிய பண்டம். பழைய ஒயிலைத் தெளிய வைத்து, துணியில் வடித்துத் திரும்ப ஊற்றினார்கள். பிளக் கரி பிடிக்கும், நாளுக்கு நாள் கழற்றிச் சுரண்ட வேண்டும். அந்தக் காலத்து ஓட்டுநரின் பையில் பணத்தை விடப் பிளக் சாவி முக்கியம்.

இரண்டாவது, புகை. வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் மணம். ஒரு வண்டி போய்ப் பத்து நிமிடம் கழித்தும் அது போன பாதையை மணத்தால் சொல்லலாம் என்பார்கள். பின்னால் இருந்து போன பிள்ளைகள் அந்தப் புகையைத்தான் குடித்தார்கள். அதை யாரும் அளக்கவில்லை.

மூன்றாவதுதான் கொடியது, நெருப்பு. மண்ணெண்ணெய் விளக்குக்குப் பாதுகாப்பான எண்ணெயாக இருப்பதற்குக் காரணம் அந்த 38 பாகை. சாதாரண வெப்பத்தில் அதன் மேலே பற்றக்கூடிய ஆவி போதுமான அளவு இல்லை. ஆனால் அதில் கொஞ்சம் பெற்றோல் கலந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரே கான், ஒரே புனல், ஒரே போத்தல் இரண்டுக்கும் பாவிக்கப்பட்ட வீடுகளில் அந்தக் கலப்புக்கு எவ்வளவு இடமிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெற்றோல் சூப்பி சட்டைப் பையில், விளக்கு மேசையில், வீடு கிடுகுக் கூரை. போத்தல் விளக்குத் தீக்காயம் வன்னியில் மட்டும் நடந்ததல்ல, நாடு முழுக்க ஏழை வீடுகளில் நடந்தது. அதைத் தன் சத்திரசிகிச்சை மேசையில் கண்டு மனம் பொறுக்காமல் வைத்தியர் விஜய கொடகும்புர ஒரு பாதுகாப்பான போத்தல் விளக்கை வடிவமைத்தார். குட்டையான, கனமான, விழுந்தாலும் உருளாத தட்டைப் பக்கங்கள் கொண்ட கண்ணாடிப் போத்தல், இறுக்கித் திருகும் உலோக மூடி. மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை அது. 1998 இல் அவருக்கு றொலெக்ஸ் விருது கிடைத்தது. சூப்பியைச் செய்த கையையும் இந்த விளக்கைச் செய்த கையையும் நாங்கள் ஒரே வரிசையில் வைத்துத்தான் படிப்பிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே மண்ணெண்ணெய்க்காகச் செய்யப்பட்டவை.

2002 ஜனவரியில் தடை தளர்ந்தது. பெப்ரவரி 22 இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. ஓமந்தை வழியாகப் பெற்றோல் பவுசர் போனதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். மெக்கானிக்மாருக்கு அது பெருவேலைக் காலம். தடிப்பாக்கிய கஸ்கற்றைக் கழற்றி, பொறி நேரத்தைத் திருப்பி, கரி பிடித்த தலையைச் சுரண்டி, எஞ்சின்களை மறுபடி பெற்றோலுக்குத் திருப்பினார்கள். சூப்பிகள் குப்பைக்குள் போயின. 2006 ஓகஸ்டில் பாதை மூடியபோது சிலர் மறுபடி தேடினார்கள். அதற்குப் பிறகு 2009 வரை நடந்தவற்றின் முன்னால் எரிபொருள் ஒரு சின்ன விஷயம். அதை இந்தப் பதிவுக்குள் நாங்கள் கொண்டு வரவில்லை.

கடைசியாக 2022. நாடு முழுக்க வரிசை. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். தெற்கில் உள்ளவர்களுக்கு அது வாழ்க்கையில் காணாத கஷ்டம். வன்னியில் வயதானவர்கள் "நாலு லீற்றரா? நாங்கள் அதில ரெண்டு மாசம் ஓடியிருப்பம்" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இளைஞர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். அப்போது மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா, பெற்றோலோ 400 ஐத் தாண்டியிருந்தது. தாத்தா ஓட்டினார், நாங்களும் ஓட்டுவோம் என்று புது வண்டிகளில் ஊற்றினார்கள். எங்களுக்குத் தெரிந்த இடத்திலேயே இரண்டு எஞ்சின் போனது. காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். இன்றைய வண்டியின் அமுக்க விகிதம் 9 ஐத் தொட்டும் தாண்டியும் நிற்கிறது. அதற்குத் தடித்த கஸ்கற் போடவில்லை, பொறி நேரத்தைத் திருப்பவில்லை, குழாயைச் சூடாக்கவில்லை. தாத்தாவின் எண்ணெயை எடுத்தார்கள், தாத்தாவின் வேலையை எடுக்கவில்லை. 2020 இலிருந்து வாகன இறக்குமதியே நின்றிருந்த காலம் அது. போன எஞ்சினுக்குப் பதிலாக இன்னொரு வண்டி வாங்குவது கனவு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியதும் அந்த ஆசையும் நின்றது. மீனவருக்குத்தான் அந்த அடி பலமாக விழுந்தது. அவர்கள் இயந்திரத்துக்கு அதுதான் சரியான எரிபொருள், வேறு தெரிவு இல்லை.

இப்போது ஒரு வேண்டுகோள். தரம் 10 விஞ்ஞானத்துக்கும் வரலாற்றுக்கும் சேர்த்து இதை ஒரு செயற்றிட்டமாகப் பிள்ளைகளிடம் கொடுக்க நினைத்திருக்கிறோம். எரிபற்று நிலை, ஒக்டேன், அமுக்க விகிதம் மூன்றையும் இதை விட நல்ல உதாரணத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது. யாருடைய வீட்டிலாவது, கராஜ் மூலையிலாவது பழைய சூப்பி, இரட்டைக் கஸ்கற், இரண்டு தாங்கி வைத்த இறைக்கும் மெசின், ஜாம் போத்தல் விளக்கு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து அனுப்பினாலும் போதும். அதைச் செய்தவர் உயிரோடு இருந்தால் ஒரு நாள் பாடசாலைக்கு அழைத்து வர நாங்களே வண்டியோடு வருகிறோம். பெற்றோலில் ஓடுகிற வண்டிதான், பயப்பட வேண்டாம்.